மாமரத்துக்கு ஒரு வாரி, வேம்புக்கு ஒரு விளக்குமாறு

போன வெள்ளிக்கிழமை என் சருகு வாரியின் நாலாவது பல்லும் போய்விட்டது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பச்சைப் பிளாஸ்டிக் வாரி, விசிறி மாதிரி விரிந்த தலை, கடையில் தொங்கும்போது நல்ல வடிவாக இருந்தது, விலையும் குறைவு, அதனால் "உது வெயிலுக்கு நிக்காது தம்பி" என்று அம்மா சொன்னதைக் காதில் போடாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். வன்னி வெயிலில் வெளியே சாத்தி வைத்த பிளாஸ்டிக்குக்கு என்ன நடக்கும் என்று கிணற்றடியில் வாளி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கினேன், அதுதான் கோபம்.

எங்கள் வளவு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நாலு மா, இரண்டு பலா, கிணற்றடியில் ஒரு பெரிய வேம்பு, பின்வேலி ஓரமாக அப்பா நட்ட தேக்கு பதினொன்று, தென்னை, வேலியில் பூவரசும் கிளுவையும். வெளிநாட்டுப் படங்களில் காட்டுகிற மாதிரி எல்லா மரமும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கிற வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டில் கொட்டும். மாசி பங்குனியில் வேம்பு, மழை நின்று வெயில் ஏற ஏறத் தேக்கு, பலாவும் மாவும் வருசம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. இது போதாதென்று வைகாசியில் சோளகம் தொடங்கினால் ஆவணி, புரட்டாதி வரைக்கும் காற்று ஓயாது. பக்கத்து வளவுச் சருகும் எங்கள் முற்றத்துக்குத்தான் வந்து சேரும். குரங்குகள் வேறு. ஒரு மாங்காய் பிடுங்க ஒரு கொப்பு இலையை உலுப்பிவிட்டுப் போகும், அந்த மாங்காயையும் ஒரு கடி கடித்துவிட்டு எறிந்துவிடும்.

இப்படி நாள்தோறும் கூட்டுகிற ஆட்கள் நாங்கள், ஆனால் எதை வைத்துக் கூட்டுவது என்று நான் ஒருநாளும் ஒழுங்காக யோசித்ததில்லை. கையில் அகப்பட்டதை எடுத்துக் கூட்டுவது, முதுகு பிடித்தால் நிறுத்துவது, அவ்வளவுதான். பல்லுப் போன வாரியோடு குந்தியிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது.

முதலில் அம்மாவின் ஈர்க்குமாறு. அது கடைச் சாமான் இல்லை. விழுந்த தென்னோலையைக் கிழித்து, ஈர்க்கைக் கத்தியால் வழித்துச் சீவி, இரண்டு கைப்பிடி அளவு சேர்ந்ததும் அடியைச் சீமெந்துத் தரையில் தட்டி மட்டப்படுத்தி, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார். கயிற்றால் கட்டினால் ஈர்க்குக் காயக் காய இளகி ஒவ்வொன்றாக உருவும், ரியூப் என்றால் அது தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். புது ஈர்க்குமாறு உடனே முன்முற்றத்துக்கு வராது. நுனி மெல்லியது, வளைந்து இலைக்கு மேலால் வழுக்கிப் போகும். நுனியில் நாலு விரல் அளவு வெட்டிவிட்டு, ஒரு மாதம் ஆட்டுக்கொட்டில் பக்கம் கூட்டித் தேய்த்த பிறகுதான் அது விளக்குமாறு.

வேப்பிலைக்கு இதைத் தவிர வேறு எதுவும் சரிவராது. வேப்பிலை காய்ந்ததும் காம்பு வேறு, இலை வேறாக உதிர்ந்து பொடிப்பொடியாகக் கிடக்கும். எந்த வாரியைப் போட்டாலும் பல்லுக்கு இடையால் போய்விடும். ஆனால் இதே ஈர்க்குமாற்றால் மாவிலையைக் கூட்டிப் பாருங்கள். தடித்த இலை, காய்ந்தால் படகு மாதிரிச் சுருண்டு கிடக்கும், ஐந்தைத் தள்ளினால் இரண்டு பின்னால் நிற்கும், அதற்காகத் திரும்ப ஒருதரம் குனிய வேண்டும். மாவிலைக்கு வாரிதான். தேக்கு இரண்டுக்கும் அடங்காது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுக் கோப்பையைவிடப் பெரியது, வாரியின் பல்லில் குத்துப்பட்டு அடுக்கடுக்காக ஏறிவிடும், மூன்று இழுப்புக்கு ஒருதரம் நின்று காலால் மிதித்துக் கழற்ற வேண்டும். தேக்கிலையை நான் இப்போது கூட்டுவதே இல்லை, குத்தூசியால் குத்துகிறேன்.

குத்தூசி தெரியாத பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டரை முழக் கம்பி, ஒரு நுனி கூர், மற்ற நுனியில் இலை கழன்று போகாமல் ஒரு வளையம். பலாமரத்துக்குக் கீழே நடந்துகொண்டே பழுத்து விழுந்த இலையை டக் டக்கென்று குத்திக்கொண்டு போனால் இலைகள் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும், கம்பி நிறைந்ததும் கொட்டிலில் கொண்டுபோய் ஒரே உருவலில் உருவிவிட்டால் ஆடு தின்னும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் எங்கள் வேலை. முதுகு வளையாது, கை அழுக்குப்படாது, முற்றமும் துப்பரவு, ஆட்டுக்கும் சாப்பாடு. தேக்கிலையை ஆடு தின்னாது, ஆனால் குத்துவதற்கு அதைவிடச் சுகமான இலை இல்லை. அப்பாவின் பழைய குத்தூசி துருப்பிடித்து ஓட்டுக்குக் கீழே செருகிக் கிடந்தது, அரத்தால் நுனியை உரசி எடுத்தேன். செலவு எதுவும் இல்லை.

ஊதுகிற மிசினைப் பற்றியும் ஒரு பந்தி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கனடாவில் இருக்கிற மச்சான் கோபிப்பார். போன முறை வந்து நின்றபோது பற்றரியில் ஓடுகிற புளோவர் ஒன்று வாங்கித் தந்தார். அவர் ஊரில் பச்சைப் புல்லுக்கு மேல் கிடக்கிற இலையை அது அழகாகத் தள்ளிக்கொண்டு போகுமாம். எங்கள் முற்றம் புல் இல்லை, மண். காய்ந்த செம்மண். பொத்தானை அமத்தியதும் இலைக்கு முன்னால் மண் எழும்பியது. கொடியில் காய்ந்த உடுப்பு, திண்ணையில் காய்ந்த மிளகாய், அம்மாவின் முகம் எல்லாம் சிவப்பு. மிளகாய் ஏற்கெனவே சிவப்பு என்று சொல்லிச் சமாளித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. கால் மணித்தியாலத்தில் பற்றரியும் இறங்கிவிட்டது. பெற்றோலில் ஓடுகிறது இன்னும் பலமாக ஊதும் என்கிறார் மச்சான். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள், பெற்றோலுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று கியூஆர் காட்டி அடித்தவர்கள் நாங்கள், சருகுக்குப் பெற்றோல் ஊற்ற எங்களுக்கு மனம் வராது. இப்போது அந்த மிசினால் லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் ரேடியேட்டரில் பிடிக்கிற உமியை ஊதுகிறேன், அதற்கு மட்டும் அது திறமான சாமான்.

சரி, வாரிக்கு வருகிறேன்.

பல்லுப் போன வாரியை வேலியில் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வளவு அக்கா உள்ளே வந்தார். அவர் மிதிவெடி அகற்றுகிற வேலையில் எட்டு வருசத்துக்கு மேல் இருந்தவர். இந்த வேலை செய்த பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அடுத்த தலைமுறைக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அவர்கள் கையில் அதிகம் இருந்த ஆயுதம் வாரிதான். காரணம் மண். டிடெக்டரைப் போட்டால் செல் துண்டு, துப்பாக்கிச் சன்னக் கோது, கம்பித் துண்டு, ஆணி எல்லாவற்றுக்கும் அது கத்தும். தேடுகிற மிதிவெடியிலோ பெரும்பகுதி பிளாஸ்டிக், இரும்பு என்று மிகச் சின்னத் துண்டுதான் இருக்கும். அதனால் மண்ணையே வாரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிற முறை இலங்கையில் பெரிதாகப் பாவிக்கப்பட்டது. இரண்டு வாரி. பாரமானது இறுகிய மண்ணை உடைக்க, இலேசானது உடைந்த மண்ணைப் பின்னால் இழுக்க. மிதிவெடி மேலிருந்து அமத்தினால் வெடிக்கிற சாமான், ஆகவே மேலால் தொடுவதே இல்லை, முன்னால் ஒரு கிடங்கு மாதிரி எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் மண்ணை உதிர்த்தபடி போனால் அது சுவரில் பதித்த கல்லு மாதிரி விளிம்பு காட்டும். நீட்டுத் தடி, முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், உடம்புக்குப் பாரமான அங்கி, வன்னி வெயில். ஒரு நாள் முழுக்க இழுத்தால் சில சதுர மீற்றர்.

"இதென்ன தம்பி, சீப்பே?" என்று பிளாஸ்டிக் வாரியைத் தூக்கிப் பார்த்தார்.

வாரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அக்கா சொன்னதை இதுவரை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொன்னதில்லை. தலையைப் பார்க்க முதல் தடியைப் பார். தரையில் ஊன்றினால் உன் மூக்கு உயரத்துக்கு வரவேண்டும், தோள்மூட்டுக்குக் கீழே நின்றால் நீ குனிவாய், குனிந்தால் அரை மணித்தியாலத்தில் விட்டுவிட்டுப் போவாய். பிறகு தலையும் தடியும் சேருகிற இடம்: ஒரே ஒரு ஆணியில் நிற்கிறதென்றால் வாங்காதே, அது முதல் மழைக்கே ஆடும். பிறகுதான் பல்லு. மெல்லிய உருக்குக் கம்பி, நுனி வளைந்தது, விரலால் இழுத்து விட்டால் திரும்பத் தன் இடத்துக்குத் துள்ளிப் போகவேண்டும். வளைந்தது வளைந்தபடி நின்றால் அது வெறும் தகரம். இரண்டு பல்லுக்கு நடுவில் சின்ன விரல் போகிற இடைவெளி மாவிலைக்குக் காணும்.

நான் கொட்டிலுக்குள் இருந்த மற்ற வாரியைக் கொண்டுவந்து காட்டினேன். நேரான, கட்டையான இரும்புப் பல்லு, பாத்தி மட்டப்படுத்துகிறது. வேண்டாம் என்று தலையாட்டினார். "அது மண்ணுக்கு. சருகுக்கு உதைப் போட்டால் மரத்தின்ரை வேரையும் சேர்த்து இழுப்பாய்." உண்மைதான். எங்கள் பெரிய மாமரத்தின் வேர்கள் ஒரு சாண் வெளியே தெரிகின்றன. மழை அரித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதி அரிப்பு என் கையால் நடந்தது.

பிறகு வாரியை வாங்கி இரண்டு இழு இழுத்துக் காட்டினார். அமத்தவே இல்லை. வாரியின் பாரம் மட்டும் தரையில் படுகிற மாதிரி, ஒரு முழத்துக்கு மேல் போகாத கட்டை இழுவை, ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு ஒரு கணம் நின்று இழுத்த இடத்தைப் பார்த்தார். "அக்கா, இது சருகுதானே" என்றேன். சிரித்தார். "தெரியும். கைக்குத்தான் தெரியாது."

அந்தச் சருகையும் நாங்கள் எரிப்பதில்லை. இயற்கை, சூழல் என்று பெரிய கொள்கை எதுவும் அப்போது இல்லை, பயம்தான். யுத்தத்துக்குப் பிறகு, 2010 இல் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது இந்த வளவு இடுப்பளவு புதர். கண்ட இடத்தில் கிண்டவும் குப்பையைக் குவித்து எரிக்கவும் வேண்டாம் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தெரு முடக்கில் ஒரு ஐயா கேட்கவில்லை, பழைய சருகைக் குவித்துக் கொளுத்தினார், உள்ளே கிடந்த சன்னங்கள் பொரியத் தொடங்கிவிட்டன. ஆளுக்கு ஒன்றும் இல்லை, அவருடைய கிடாரத்தில் மட்டும் ஒரு ஓட்டை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் என்ன ஏது என்று கேட்காமலே நிலத்தில் படுத்துவிட்டோம். அம்மா அடுப்படியில் அரிசியோடு. அதற்குப் பிறகு இந்த வளவில் சருகுக்கு நெருப்பு வைத்ததில்லை.

எரிக்காவிட்டால் என்ன செய்வது? முதல் சில வருசம் பின்வேலியோடு குவித்தேன். கோழி கிளறித் திரும்ப முற்றத்துக்கே அனுப்பியது, மிச்சத்தைக் கறையான் எடுத்தது. 2021 வைகாசியில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்களே, கார்த்திகையில் திரும்ப விடும் வரைக்கும் ஊரில் ஆளாளுக்குக் கூட்டெருவைத் தேடித் திரிந்தார்கள். என்னிடம் ஒரு மலை சருகு இருக்கிறது, பணக்காரனாகப் போகிறேன் என்று நினைத்துக் குவியலைத் திறந்தால் ஆறு மாதத்துக்கு முந்திய மாவிலை போட்டபடியே இருந்தது, பிடித்தால் சரசரக்கிறது. வெறும் காய்ந்த சருகில் காபன் நிறைய, நைதரசன் கொஞ்சம். முப்பதுக்கு ஒன்று என்கிற கணக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தால்தான் உக்கும் என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் விளங்கப்படுத்தினார். கணக்கு எனக்கு மறந்துபோகும், செய்முறை மறக்காது: ஒரு முழம் சருகு, அதற்கு மேல் ஒரு கடகம் சாணி, அதற்கு மேல் வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை, தண்ணீர் தெளித்து மிதித்து, திரும்ப சருகு. கோழி வலையை நாலு கட்டையில் சுற்றிக் கூடு மாதிரி செய்தால் கோழியும் குழப்பாது. கையால் பிழிந்தால் சொட்டாமல் ஈரம் மட்டும் தெரிகிற பதம். இரண்டு கிழமைக்கு ஒருதரம் மண்வெட்டியால் புரட்டினேன், நாலாம் மாதம் கறுத்துவிட்டது. தேக்கிலை மட்டும் நரம்பு தெரியக் கிடந்தது, அதற்கு இன்னும் காலம் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குப் பழைய வழி இருக்கிறது, தென்னையைச் சுற்றி ஐந்தாறு அடி தள்ளிக் கிடங்கு வெட்டிச் சருகையும் குழையையும் தாழ்த்து மூடிவிடுங்கள், மழைக்கு அது தன் பாட்டில் உக்கும்.

வாரிய சருகைக் கொண்டுபோகக் கடகம் நல்லதுதான், ஆனால் இருபது நடை. நான் உரப்பை நாலை வெட்டித் திறந்து ஒன்றாகத் தைத்து ஒரு படங்கு செய்திருக்கிறேன், அதற்கு மேலே சருகை வாரிப் போட்டு, நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். தறப்பாள் இதைவிட வழுக்கும், கடையில் இருக்கிறது. ஆனால் அந்த நீலத் தறப்பாளை வளவுக்குள் கொண்டுவர அம்மா விடமாட்டார், அதற்குக் கீழே இருந்த மாதங்கள் காணும் என்பார்.

ஒரு விஷயம், இரண்டு நாளுக்கு மேல் கிடந்த குவியலுக்குள் கை வைக்கவே கூடாது. புடையன் பாம்பு சருகு நிறத்தில்தான் இருக்கும், சருகு மாதிரியே கிடக்கும். முதலில் வாரியால் தூர நின்று கலைத்துவிடுங்கள், காலில் சப்பாத்து இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் பார்வை பார்க்கிற இடத்துக்கு ஓடி நேரத்தை வீணாக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் ஆட்கள் முற்றத்தைப் பொட்டல் மாதிரி வைத்திருப்பதன் காரணமும் இதுதான், வெறும் மண்ணில் ஊருகிறது தெரியும். ஆனால் அதற்காக வளவு முழுக்கப் பொட்டலாக்கத் தேவையில்லை. முன்முற்றமும் கிணற்றடியும் நடைபாதையும் துப்பரவாக இருந்தால் போதும், மரத்துக்குக் கீழே விழுந்ததை மரத்துக்கே விட்டுவிடுகிறேன் இப்போது. மாமரத்து வேருக்கு மேல் ஒரு சாண் சருகு கிடக்கிறது, வெயிலிலும் அதற்கு அடியில் ஈரம் நிற்கிறது. அம்மாவுக்கு இது கண்ணில் குத்துகிறது. ஆட்கள் வந்தால் என்ன நினைப்பினம் என்று கேட்கிறார்.

புரட்டாதி முடிய முதல் கூரைப் பீலியைத் துப்பரவாக்க வேண்டும், அது இன்னும் கிடக்கிறது. போன வருசம் வேப்பஞ் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கி, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு நுளம்புக் குடம்பிகளைக் காட்டினார், வெட்கமாகப் போய்விட்டது. பீலிக்கு எந்த வாரியும் இல்லை, கைதான், அல்லது பழைய அகப்பை.

நேற்று கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடையில் வாரித் தலை மட்டும் வாங்கினேன். உருக்குக் கம்பி, பல்லை இழுத்துவிட்டால் டிங் என்று துள்ளுகிறது. கடைக்காரர் நான் ஒவ்வொரு பல்லாக இழுத்துப் பார்ப்பதை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் வைத்திருந்த தடி என் நெஞ்சுக்குத்தான் வந்தது, அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். தேக்கில் ஒரு நேரான கொப்பு வெட்டி, தோலை உரித்து, தாழ்வாரத்தில் இரண்டு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பச்சையாகப் போட்டால் காய்ந்ததும் தலை கழன்று ஆடும், இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அம்மாவின் ஈர்க்குமாறுதான். இன்று விடிய ஆறரைக்கு, காற்று எழும்ப முதல், முன்முற்றத்தைக் கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தேன், திண்ணையில் தேத்தண்ணியோடு இருந்த அம்மா கோப்பிக் கன்றுப் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கரையிலை விட்டுட்டாய்" என்றார்.